சட்டை கச்சிதமாகத்தான் இருக்கிறது

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கட்டிய புருஷன் குளிப்பதை நேற்று ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தேன். குளியலறைக் கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதன் வழியாக. பார்த்து முடிப்பதற்குள் ஸ்டூலின் ஒரு கால் மடங்கிவிட்டது. என் உடம்பு உங்களுக்குத் தெரியாததா? வாளியோடு வாளியாக உருண்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் வாசலிலிருந்து, "என்னக்கா, எலியா?" என்று கத்தினார். "ஆமாம்பா, எலிதான்" என்றேன். "ரொம்பப் பெரிசோ?" என்றார் அந்த ஆள். உள்ளேயிருந்து உங்கள் தம்பி, "என்ன சத்தம்?" என்றார். "பல்பு மாத்துறேன்." "பகல்லயா?" "பகல்ல மாத்தினாத்தானே ராத்திரி எரியும்."

எட்டிப் பார்க்கிற அளவுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சில மாதங்களாக உங்கள் தம்பி என் எதிரில் சட்டையைக் கழற்றுவதே இல்லை. வெயில் கொளுத்துகிறபோதும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை. படுக்கும்போதும் அதே. "ஏன்?" என்று கேட்டால், "கடைக்காரன் டீசன்டா இருக்க வேண்டாமா?" என்கிறார். படுக்கையில் எந்த வாடிக்கையாளர் வரப் போகிறார்? எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. திரைச்சீலை தைக்கக் கொடுக்கும் ஒரு பெண்மணி அடிக்கடி வருகிறாள்; அளவு சரியில்லை, நீளம் சரியில்லை என்று ஒரே ஜன்னலுக்கு எத்தனை தடவைதான் வருவாள்! இவர் நெஞ்சில் அவள் பெயரைப் பச்சை குத்திக்கொண்டுவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள். பச்சையைத் தேடித்தான் ஸ்டூலில் ஏறினேன்.

எவளாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் அண்ணி.

அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிந்து இறங்க வேண்டும் அல்லவா? கழுத்தெலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பள்ளம். அதில் தண்ணீர் தேங்கி நின்றது. கிண்ணத்தில் நிற்பதுபோல நின்றது. அவர் குனிந்தபோதுதான் கொட்டியது. முதுகில் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, உள்ளேயிருந்து யாரோ தோலைத் தள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது. அதற்குள் ஸ்டூல் கை கொடுக்காமல் போய்விட்டது.

நாம் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவரைத் தூக்கி வளர்த்த அக்கா நீங்கள். அவர் எப்போதும் இப்படித்தானா? என்னிடம் அதை மட்டும் சொல்லுங்கள். போன் செய்யாதீர்கள், போன் அவர் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
குண்டு
(நீங்கள் வைத்த பெயர்தானே, இருக்கட்டும்.)


ஜூன் 12

குண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வார்டன் என்று அச்சடித்த விடுதித் தாளில் பதில் எழுதுகிறேன். வேறு தாள் கைக்கு அகப்படவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதே.

முதலில் ஒன்று. போன தடவை நான் வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் உன் தட்டையும் அவன் தட்டையும் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அவன் பங்கையும் நீயே சாப்பிடுறியா?" என்றேன். வேடிக்கைக்குச் சொன்னது. அதற்கு நீ, "வேணும்னா உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போய் இடுப்புல வச்சு ஊட்டுங்க" என்றாய். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அந்த அவசரத்தில் விட்டுவிட்டு வந்த என் மூக்குக் கண்ணாடியை நீ இன்னும் அனுப்பவில்லை. பழைய கண்ணாடியில்தான் உன் கிறுக்கலைப் படித்தேன்.

இப்போது ஊசி விஷயம். (ஊர் உலகத்துக்கு அவன் தையல்காரன் என்பதால் ஊசி. எனக்கு அவன் பிறந்த அன்றைக்கே ஊசி.) அவன் ஒல்லி. பிறவியிலேயே ஒல்லி. பள்ளிக்கூடத்தில் காற்றடித்தால் பையில் கல் போட்டுக்கொண்டு போ என்று வாத்தியார் சொல்வார். நீ நீராவிக்கு நடுவில், கால் உடைந்த ஸ்டூலில் நின்று, தப்பு எண்ணத்தோடு பார்த்திருக்கிறாய். அப்படிப் பார்த்தால் யாரும் பேயாகத்தான் தெரிவார்கள்.

அவர் இளைத்துவிட்டார் என்று நீயும் சொல்லிக்கொண்டு திரியாதே. அந்த வார்த்தையை நாம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறோம். லீவு முடிந்து விடுதிக்கு வரும் பெண்ணிடம் நான், "என்னடி இளைச்சுட்டே" என்கிறேன். அதே பெண் வீட்டுக்குப் போனால் அவள் அம்மாவும் அதையே சொல்கிறாள். இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாள். உன்மேல் பிரியமாக இருக்கிறேன் என்பதற்கு நாம் கண்டுபிடித்த வார்த்தை அது. அதற்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

உடம்பு உண்மையில் இளைத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது துணி. தோள் தையல் கைக்கு இறங்கும். காலருக்குள் கழுத்து ஆடும். இத்தனை பெண்களை மேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? கடைக்குப் புதுப் பலகை மாட்டியபோது எடுத்த படத்தை நீ சண்டையையும் மறந்து எனக்கு அனுப்பியிருந்தாயே, அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சட்டை கச்சிதமாகத்தான் இருக்கிறது. தோளும் சரி, காலரும் சரி. ஆகையால் நீ பயப்பட ஒன்றுமில்லை.

இருமல் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

மூக்குக் கண்ணாடியைப் பஞ்சு சுற்றித் தனியாக அனுப்பியிருக்கிறேன். இதைப் படிக்க அது வேண்டும். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. சட்டை சரியாக இருக்கிறது, ஆகையால் ஆள் சரியாக இருக்கிறார். இவ்வளவு சுலபமான கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அன்று ஒரு வாடிக்கையாளர் அம்மாள் என்னைப் பார்த்து, "என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்க!" என்றபோது உங்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். பாவாடை ஓரம் அன்றே மடித்துத் தர வேண்டுமாம் அவளுக்கு. இந்த வருஷம் இப்படி என்னைத் தாஜா பண்ணியவர்கள் அதிகம். அப்படிச் சொன்னதற்காக யாருக்கும் காரியம் சீக்கிரம் ஆனதில்லை.

மறுநாள் துணி துவைக்கும்போது உங்கள் தம்பியின் நீலச் சட்டையைத் திருப்பினேன். காலரில் அழுக்குப் போகவில்லை என்று உள்பக்கமாகத் தேய்க்கத்தான் திருப்பினேன். பக்கத் தையலில் விரல் பட்டது. ஏதோ நெருடியது.

உங்களுக்குத் தையல் வேலை தெரியாது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஒரு தையலைப் பிரித்துவிட்டு, சட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று அதற்கு உள்ளே தள்ளி மறுபடி தைத்தால், பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் அப்படியே நிற்கும். வெளியே தெரியாது. உள்ளே திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். நான் பிடித்தேன். ஒரு வரி துளைகள். அதற்கு உள்ளே இன்னொரு வரி. அதற்கும் உள்ளே இன்னொன்று. சட்டைக் கையின் தையலிலும் அதேபோல. தோளிலும் பிரித்துத் தைத்திருக்கிறார். காலரைக் கழற்றி, சின்னதாக்கி, திரும்பப் பூட்டியிருக்கிறார். அப்படி ஒரு நேர்த்தியான வேலையை வாடிக்கையாளருக்குக்கூட அவர் செய்து நான் பார்த்ததில்லை.

ஓடிப் போய் அலமாரியைத் திறந்து எல்லாச் சட்டையையும் திருப்பிப் போட்டேன். எல்லாம் அப்படியே. கால்சட்டைகளும்.

இப்போதுதான் புரிகிறது. கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுத் துணியை எல்லாம் மெஷினில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "பொத்தான் லூசா இருக்கு, நூல் பிரியுது, உன்னோடதையும் குடு" என்பார். கடையில் பொத்தான் வைப்பதும் வாய் அடிப்பதும் என் இலாகா, மெஷின் அவருடையது. வீட்டு வேலையில் புருஷன் ஒத்தாசை செய்கிறார் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன் அண்ணி. இஸ்திரிக்காரரிடம் பீற்றியபோது அந்த ஆள், "அண்ணன் சட்டை இப்பல்லாம் சீக்கிரம் முடிஞ்சிருது அக்கா, பெட்டிய வச்சதும் ஓரம் வந்துருது" என்றார். அதையும் பாராட்டு என்று நினைத்தேன்.

நேற்று ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். நேராகக் கேட்டால் மழுப்புவார் என்று, அளவெடுக்கப் போனேன். டேப் எடுத்துக்கொண்டு போனால் தெரிந்துவிடும். அதனால் கடையில் அவர் நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் போய்க் கட்டிக்கொண்டேன். வாசலில் திரைச்சீலைக்காரி வேறு. "சாரி, அப்புறம் வரேன்" என்று ஓடிவிட்டாள். "என்ன இது, இந்த வயசுல?" என்றார் உங்கள் தம்பி. என் கைகள் அவரைச் சுற்றிப் போய், ஒன்றையொன்று தாண்டி, என் முழங்கையை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் விரல் நுனிதான் தொடும்.

அவர் சிரிக்கவில்லை. என் கைகளை மெல்லப் பிரித்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

ஆமாம், இருமல் இருக்கிறது. துணிப் பஞ்சு தொண்டையில் போகிறது என்கிறார். எனக்கும் அவ்வப்போது வருகிறது, ஆகையால் பஞ்சாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அண்ணி, ஒரு மனுஷன் தன்னைத்தானே உள்ளே உள்ளே தள்ளித் தைத்துக்கொண்டே போகிறார். எதுவரைக்கும் தைப்பார்? பயமாக இருக்கிறது.

குண்டு


ஜூன் 27

குண்டுக்கு,

கண்ணாடி வந்தது. படித்தேன். உட்கார்ந்துதான் படித்தேன், எழுந்திருக்க நேரமாயிற்று.

போன கடிதத்தில் துணி காட்டிக்கொடுக்கும் என்று பெரிதாக எழுதியிருந்தேன். தையல்காரன் உடம்பில் கிடக்கிற துணி யாருக்கு விசுவாசமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் அப்பாவை உனக்குத் தெரியாது. நீ வருவதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார். அவர் என்ன நோயில் போனார் என்று நீ கேட்டிருக்கிறாய், நாங்கள் இரண்டு பேருமே பதில் சொன்னதில்லை. உனக்கு மறைக்க வேண்டும் என்று இல்லை. எங்களுக்கே பெயர் தெரியாது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "அப்பா கொஞ்சம் இளைச்சிருக்கார்" என்றுதான் அம்மா சொல்வாள். வந்தவர்களும், "ஆமா, கொஞ்சம் இளைச்சிருக்கார்" என்பார்கள். கட்டிலோடு கிடந்தபோதும் கொஞ்சம்தான்.

அப்பாவுக்கு ஒரு தோல் பெல்ட். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்றால் ஊசியைக் கூப்பிடுவார். இவன் ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்து, பெல்ட்டைத் தரையில் வைத்து, இன்னொரு துளை போடுவான். அவன் செய்த முதல் வேலையே அதுதான். போட்டதும் அப்பா மாட்டிப் பார்ப்பார். அம்மா அடுப்படியிலிருந்து, "நிக்குதா?" என்பாள். "நிக்குது" என்பார். "அப்ப சரி" என்பாள். எல்லோருக்கும் நிம்மதி. பெல்ட் நின்றால் அப்பா நன்றாக இருக்கிறார் என்றுதான் நாங்கள் நம்பினோம். கடைசியில் பெல்ட்டின் வால் பின்பக்கம் வந்து தொங்கியது. அப்போதும் நின்றது.

இவன் இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கிறேன். சட்டை பொருந்துகிறவரைக்கும் ஒன்றும் இல்லை. பொருந்தாவிட்டால் பொருத்திவிடலாம்.

என் விடுதியில் ஒரு பெண் இருந்தாள். குளிர் இல்லாதபோதும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். குளிர் தாங்காத பிள்ளை என்று நானே இன்னொரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். மாடிப்படியில் மயங்கி விழுந்தபோது தூக்கினேன். துணி மூட்டையைத் தூக்குவதுபோல இருந்தது. ஆள் எங்கே என்று ஒரு கணம் தேடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "இது ஒல்லி இல்ல மேடம், இது உடம்பு தன்னையே தின்கிறது" என்றார். அவள் பிழைத்துக்கொண்டாள், இப்போது எங்கோ வேலையில் இருக்கிறாள், அது வேறு. ஒல்லி என்பது ஒரு ஆளின் உருவம். இது உருவம் இல்லை, நடந்துகொண்டிருக்கிற காரியம். இன்றைக்கு நிறுத்தாவிட்டால் நாளைக்கும் நடக்கும்.

பரீட்சை நேரம், நான் உடனே கிளம்ப முடியாது. நீ அவனை டாக்டரிடம் கூட்டிப் போ. கேட்காதே, கேட்டால் வர மாட்டான். அப்பாவைக் கூட்டிப் போகச் சொல்லி அம்மாவிடம் நான் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எப்படியாவது இழுத்துக்கொண்டு போ. உனக்குத்தான் ஆயிரம் தகிடுதத்தம் தெரியுமே.

தட்டைப் பற்றி நான் சொன்னது தப்பு. சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்ல வைக்காதே.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

இழுத்துக்கொண்டு போய்விட்டேன்!

அதைச் சொல்வதற்கு முன் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆள். நுரையீரலில் டிபி. மாத்திரை இருக்கிறது. மாதக்கணக்கில், ஒரு நாள்கூட விடாமல் விழுங்க வேண்டும். விழுங்கினால் குணமாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். 'குணமாகிவிடும்' என்பதை நான் மூன்று தடவை சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, அதனால் உண்மையாகத்தான் இருக்கும்.

இப்போது தகிடுதத்தம். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வர மாட்டார். எனக்குச் சரியில்லை என்றால்? மத்தியானம் கடையில் நாற்காலியில் சாய்ந்து, "எனக்கு என்னமோ பண்ணுது" என்றேன். நாடகமாடுவது எனக்குக் கைவந்த கலை. அன்று அது இன்னும் சுலபமாக இருந்தது. மாடிப்படி ஏறினாலே எனக்கு நாய்போல இளைக்கிறது, தலை சுற்றுகிறது, தூக்கத்தில் தலையணை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. வயசுக்கு வருகிறதுதானே இதெல்லாம். இருப்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பத்து நிமிஷம் கெஞ்ச வேண்டியிருக்கும், இரண்டு தடவை மயங்கி விழ வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். மனுஷன் மெஷினை நிறுத்தினார். பாதித் தையலில் கிடந்த கோட்டைக்கூட எடுக்கவில்லை. ஷட்டரை இழுத்தார். பூட்டினார். "வா" என்றார். "சாயந்திரம் போலாமே" என்றேன், நாடகம் உண்மை மாதிரி இருக்க வேண்டுமே. "இப்பவே. நான் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தனக்கென்றால் அசையாத ஆள், பெண்டாட்டிக்கு ஒன்று என்றதும் இப்படி ஓடி வருகிறாரே என்று. நான் கொடுத்து வைத்தவள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

டாக்டரம்மா அறைக்குள் போனதும் அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "இவங்களைப் பாருங்க டாக்டர்" என்றார். நான் எழுந்து அவரை அதே நாற்காலியில் அழுத்தி, "இவரைப் பாருங்க டாக்டர்" என்றேன். "யாருக்குத்தான் உடம்பு?" என்றார் டாக்டரம்மா. "இவருக்கு." "இவளுக்கு." சர்க்கஸ்தான். கடைசியில் நான் அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு என்று நானே கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

சட்டை விலகியதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மார்பெலும்பு ஒரு படகின் அடிக்கட்டைபோலத் தூக்கிக்கொண்டு நின்றது. மூச்சு விடும்போது விலாவுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன் அண்ணி, நீராவியும் இல்லை, ஸ்டூலும் இல்லை. இந்த ஆளோடு ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறேன். காலர் எவ்வளவு எடுப்பாக நிற்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார். உங்கள் தம்பி என்ன பதில் சொன்னார் தெரியுமா? "சட்டை சரியாத்தான் டாக்டர் இருக்கு." நான் சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, டாக்டரம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

படம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். உங்கள் அப்பாவின் பெல்ட் என் கண் முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மருந்து இருக்கிற நோய் என்று தெரிந்தபோது, நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறதே என்று அந்தப் பெயரை வாயில் வைத்துச் சாக்லேட்போலச் சப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

புறப்படும்போது டாக்டரம்மா, "வீட்டில இருக்கிற எல்லாருக்கும் பரிசோதனை பண்ணணும். உங்களுக்கு எப்ப முடியும்?" என்றார். "எனக்கா? என் உடம்பைப் பார்த்தா அந்தக் கிருமி ஏறி வர்றதுக்கு லிஃப்ட் கேட்கும் டாக்டர்" என்றேன். நல்ல ஜோக்தான். அவர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை வாங்க" என்றார். படித்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு.

உங்கள் தம்பியும் சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கு அன்று சிரிக்கத் தோன்றாது.

குண்டு


ஜூலை 16

குண்டுக்கு,

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிகிறது. சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். பெயர் உள்ள நோய் என்று படித்தவுடன் சமையலறைக்குப் போய், காரணமே சொல்லாமல் பிள்ளைகளுக்கு இரண்டாவது முட்டை கொடுக்கச் சொன்னேன். எனக்குப் பைத்தியம் என்று சமையல்காரி நினைக்கிறாள்.

மாத்திரையை அவன் கையில் கொடுக்காதே. வாயில் போடு, தண்ணீரை ஊற்று, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார். விடுதியில் அப்படித்தான். ஜன்னல்களைத் திறந்து வை. மெஷினைப் பூட்டி சாவியை நீ வைத்துக்கொள். இனி அவன் எந்தச் சட்டையையும் பிடித்துத் தைக்கக் கூடாது. தொளதொளவென்று போட்டுக்கொண்டு திரியட்டும். ஊர் பார்க்கட்டும்.

நீயும் பரிசோதனைக்குப் போ. ஜோக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போ. போனாயா என்று எழுது.

அண்ணி


ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

திங்கட்கிழமை போகவில்லை. கடையில் கூட்டம். நாளைக்குப் போகிறேன். நீங்கள் பஸ் ஏறுவதற்குள் இது கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மாத்திரை விழுங்குகிறார், நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். மெஷினைப் பூட்டியதற்கு மட்டும் சண்டை போட்டார். "என் சட்டையத் தொட மாட்டேன், சத்தியமா. ஞாயித்துக்கிழமை மட்டும் சாவியக் குடு" என்றார். "உங்க சட்டையத் தொடலேன்னா எதுக்குச் சாவி?" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு ரெடிமேட் பிளவுஸ். தையல்காரன் பெண்டாட்டி காசு கொடுத்து ரெடிமேட் வாங்குவது எவ்வளவு பெரிய துரோகம் என்று உங்களுக்குத் தெரியாது. ரோஜா நிறத்துக்கு ஆசைப்பட்டு, உங்கள் தம்பிக்குத் தெரியாமல் போன வருஷம் வாங்கினேன். அப்போது எனக்கு அது இறுக்கம். கொக்கி போட முடியவில்லை. மூச்சைப் பிடித்துப் பார்த்தும் முடியாமல், மானம் போகிறது என்று பெட்டிக்கடியில் புதைத்துவிட்டேன். இந்த வீட்டில் அவர் கண்ணில் படாத துணி அது ஒன்றுதான்.

அவர் கைபட்டதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது அண்ணி. உடுத்தியிருப்பதும்.

ரோஜா நிறத்தைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி சுலபமாக விழுந்தது. கையை இறக்கினேன். பிளவுஸ் தோளிலிருந்து வழுக்கி, இரண்டு பக்கமும் முழங்கைக்கு வந்து நின்றது.